மொரீசியஸ் மாயேபூரில் ஐந்து நாள்: கோத்தகிரியிலிருந்து போகும் குடும்பத்துக்கு எது சரிவரும்?

கட்டபெட்டு_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். காலாண்டு லீவில், அதாவது செப்டம்பர் கடைசியில், மொரீசியஸ் போகத் திட்டம். அப்பா, அம்மா (இரண்டு பேருக்கும் அறுபத்தைந்துக்கு மேல், சுத்த சைவம்), மனைவி, பத்து வயசுப் பொண்ணு, நான். விசாரித்த ஏஜென்ட் எல்லாரும் வடக்கே கிராண்ட் பே பக்கம் ரிசார்ட் போடத்தான் சொல்கிறார்கள். எங்களுக்கு ரிசார்ட்டுக்குள்ளேயே கிடப்பதில் விருப்பமில்லை. தென்கிழக்கில் மாயேபூர் என்ற கடலோர ஊரிலேயே ஐந்து இரவு தங்கி, பஸ்ஸிலும் நடந்தும் பார்க்கலாமா? கார் எடுக்கும் எண்ணமில்லை. காற்று, கடல், சாப்பாடு, இங்கிருந்து மலை இறங்குவது என எதில் தப்பு நடக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்க.

அருவங்காடு_பயணம்:

கட்டபெட்டு சார், ஊர்த் தேர்வு சரி. விமான நிலையம் இருக்கும் பிளேசான்ஸ் மாயேபூருக்குப் பக்கத்திலேயே, ஏழெட்டு கிலோமீட்டருக்குள். வயசானவர்களை இறங்கிய கையோடு தீவின் மறுமுனைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டாம். பஸ் ஸ்டாண்டு, சந்தை, மியூசியம் எல்லாம் ஊருக்குள்ளேயே. கிராண்ட் பேயில் இருப்பது பயணிகளுக்காக எழுந்த கடைத்தெரு. மாயேபூர் அப்படியில்லை, மக்கள் குடியிருக்கிற ஊர். பிரெஞ்சுக்காரர்கள் 1800களின் தொடக்கத்தில் நேர்நேரான தெருக்களாகத் திட்டமிட்டுக் கட்டியது. இன்றைக்கும் வழி தவறாது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: மாயேபூர்க் கரை குளிக்கிற கரை இல்லை. படகுகள் கட்டிக் கிடக்கும் காயல் ஓரம், உட்கார்ந்து பார்க்க அழகு, கால் வைத்தால் சேறு. கடலில் இறங்க தெற்கே புளூ பே போக வேண்டும், பஸ்ஸில் சிறிது நேரம்தான். புளூ பேயில் ரூம் போட்டால் கடல் கிடைக்கும், ஊர் கிடைக்காது. அம்மா அப்பாவுக்காக ஊருக்குள் தங்குங்க, பொண்ணுக்காகக் காலையில் புளூ பே போய் வாங்க.

அடுத்தது கிழமை. பெரிய சந்தை கூடுவது திங்கட்கிழமை. அன்று கரையோரத் தெருக்கள் முழுக்கக் காய்கறி, துணி, பலகாரம் என்று கடை விரியும். மற்ற நாளில் அதன் சின்ன வடிவம்தான். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் பெரும்பாலான கடைகள் சாத்திவிடும், அதேசமயம் புளூ பே மணலில் உள்ளூர்க் குடும்பங்கள் நிறைந்துவிடும். ஆகவே சனியன்று போய் இறங்கினால், ஞாயிறு காலை ஊரைச் சுற்றி வந்து, திங்கள் சந்தை, செவ்வாய் முதல் கடல் என்று வரிசை அமையும்.

காற்றுதான் பெரிய விஷயம். ஜூனிலிருந்து தென்கிழக்குக் காற்று அந்தக் கரையை நேராக அடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் பலம், செப்டம்பர் முடிவில் தணிய ஆரம்பிக்கும். அக்டோபர்தான் அங்கே மழை மிகக் குறைந்த மாதம். புயல் காலம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அதற்கு முன்னால் வந்துவிடுகிறீர்கள். காற்று பலமான நாளில் படகை ரத்து செய்வார்கள். அதனால் படகுப் பயணத்தைக் கடைசி நாளுக்குத் தள்ளி வைக்காதீங்க, முதல் வாய்ப்பிலேயே, அதுவும் காலை வேளையில் முடித்துவிடுங்க. நின்றுபோனாலும் மறுபடி போக நாள் மிச்சமிருக்கும்.

குளிர் பற்றிக் கவலை வேண்டாம். நம்மூர் ஆட்களுக்கு இரவில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும், அதுவும் காற்றுக்காக. தொப்பி இல்லாமல் போவதுதான் தப்பு. காற்று சில்லென்று இருக்கும்போது தோல் கருகுவது தெரியாது.

வெலிங்டன்_மேடு:

மலை இறங்குவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கோவையிலிருந்து மொரீசியஸுக்கு நேர் விமானம் கிடையாது. மும்பையிலிருந்து ஏர் மொரீசியஸ் நேராகப் போகிறது, ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். தெற்கே எந்த ஊரிலிருந்து எந்தக் கிழமை என்பது பருவத்துக்குப் பருவம் மாறும், டிக்கெட் போடும் வாரத்தில் பாருங்க. கோவை–மும்பை, மும்பை–மொரீசியஸ் இரண்டையும் ஒரே டிக்கெட்டில் போடுவது நல்லது. தனித்தனியாகப் போட்டால் மும்பையில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டும், டெர்மினல் மாற வேண்டியும் வரலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது.

பெங்களூரு வழி என்றால் ஒரு கண்ணி இருக்கிறது. முதுமலை–பந்திப்பூர் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டி விட மாட்டார்கள். திம்பம் மலைப்பாதையிலும் அதே கட்டுப்பாடு. அதிகாலை விமானத்துக்கு ராத்திரி கிளம்பலாம் என்று நினைத்தால் செக்போஸ்டில் நின்றுவிடுவீர்கள். மேட்டுப்பாளையம் இறங்கி சேலம், கிருஷ்ணகிரி சுற்றிப் போகும் பாதையில் அந்தத் தடை இல்லை, தூரம்தான் கூடுதல்.

திரும்பும் நாளில் அக்டோபர் மழை தொடங்கியிருக்கலாம். கோத்தகிரி பாதையில் மண் சரிந்தால் குன்னூர் பாதை, அதுவும் அடைத்தால் மேட்டுப்பாளையத்தில் ஒரு ராத்திரி. ஸ்கூல் திறப்பதற்கு முந்தின நாள் வந்து இறங்குவது போல் டிக்கெட் போடாதீங்க. கோவையிலிருந்து வெளிமாவட்ட டாக்ஸி எடுத்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் இருக்கிறதா என்று டிரைவரிடம் முன்னாலேயே கேளுங்க. நீலகிரிப் பதிவு வண்டிக்கு அது தேவையில்லை.

காகிதம்: இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலாவுக்கு முன்கூட்டி விசா வாங்க வேண்டாம். ஆனால் திரும்பும் டிக்கெட், தங்குமிட உறுதி, செலவுக்குப் பணம் இருப்பதற்கான அத்தாட்சி மூன்றும் கேட்பார்கள். கிளம்பும் முன் இணையத்தில் பயணப் படிவம் நிரப்பிக் கையில் வைத்துக்கொள்ளுங்க. ஐந்து பேருக்கும் தனித்தனி அச்சுப் பிரதி இருந்தால் கவுன்டரில் போனைத் தேட வேண்டாம். பக்கத்துத் தீவான ரீயூனியனையும் சேர்த்துப் பார்க்க ஆசை வந்தால், அது பிரான்ஸின் பகுதி, விசா நடைமுறை முற்றிலும் வேறு. ஐந்து நாளில் வேண்டாம்.

மருந்தில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். பிரஷர், சுகர் மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்க. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால், தூக்க மாத்திரை வகைகளுக்கு அங்கே கடும் கட்டுப்பாடு. அப்பாவோ அம்மாவோ அப்படி ஏதாவது சாப்பிட்டால் முன் அனுமதி வாங்காமல் கொண்டு போகக் கூடாது. இ-சிகரெட்டும் தடை.

ஜெகதளா_அடுப்படி:

சாப்பாட்டை நான் சொல்கிறேன். புரட்டாசியில் போவது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் புரட்டாசியில் கவுச்சி ஒதுக்கி விரதம் இருந்து கோவிந்தன் பூஜை செய்வார்கள். கோவில் விசேஷம் என்றால் வாழை இலையில் சோற்றைச் சுற்றி ஏழு கறி வைப்பது அந்த ஊர் வழக்கம். பேச்சு பெரும்பாலும் அந்த ஊர் மொழியான கிரியோலில்தான் இருக்கும், ஆனாலும் அம்மா வணக்கம் சொன்னால் வணக்கம் வரும்.

தெருவில் உங்களுக்கு உயிர் காக்கப் போவது தால் பூரி. பெயர்தான் பூரி, எண்ணெயில் பொரிப்பதில்லை. வேகவைத்துப் பொடித்த பருப்பை மைதா மாவுக்குள் வைத்து மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் வாட்டியது, மஞ்சள் நிறம், கைக்குட்டை போல மடியும். இரண்டு இரண்டாகத்தான் விற்பார்கள். நடுவில் பெரிய பயறுக் கறி, தக்காளித் தொக்கு, மிளகாய் விழுது தடவிச் சுருட்டிக் காகிதத்தில் கொடுப்பார்கள். அந்த மிளகாய் காரம் அதிகம், பொண்ணுக்கு வாங்கும்போது "சான் பிமா" (மிளகாய் வேண்டாம்) என்று சொல்லிவிடுங்க. காலையிலிருந்து மத்தியானம் வரை கிடைக்கும், மூன்று மணிக்குப் போனால் வண்டி காலியாக இருக்கும். கடலைப்பருப்பில் செய்த காத்தோ பிமா நம் பருப்பு வடையின் தம்பி, காலையில் சூடாக, ரொட்டிக்குள் வைத்தும் தருவார்கள்.

ஏமாறுவது நூடுல்ஸிலும் ஃபிரைட் ரைஸிலும். "வெஜிடபிள்" என்று கேட்டாலும் முட்டை போட்டிருப்பார்கள், இல்லையென்றால் சிப்பி சாஸ், மீன் சாஸ் ஊற்றியிருப்பார்கள். "சான் லாவியான், சான் புவாசோன், சான் திஸெஃப்" – கறி, மீன், முட்டை மூன்றும் வேண்டாம் என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். பெரியவர்கள் ராத்திரிக்குச் சோறு கேட்பார்கள் என்றால் சமையல் மேடை உள்ள வீடாகப் பாருங்க. அரிசி, பருப்பு, கறிவேப்பிலை, புளி, முருங்கைக்காய் எல்லாம் அங்கேயே கிடைக்கும். மாலையில் கடைகள் சீக்கிரம் சாத்துவதால் இது வசதி மட்டுமல்ல, அவசியமும்கூட.

கட்டபெட்டு_வாசி:

ரொம்ப நன்றிங்க, டிக்கெட்டை ஒரே பி.என்.ஆரில் போடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. அங்கே தெரிந்த குடும்பத்துக்கு நம்ம டீத்தூள், வர்க்கி, தைலம், கொஞ்சம் கேரட், பேரிக்காய், அம்மா கேட்கிற ஒரு பூச்செடிப் பதியம் கொண்டு போகலாமா? பொண்ணுக்கு நீச்சல் அரைகுறை. அடியில் கண்ணாடி வைத்த படகு போதுமா, தீவு எதற்காவது கூட்டிப் போகலாமா?

அருவங்காடு_பயணம்:

பதியம், விதை, கேரட், பேரிக்காய் எல்லாவற்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்க. செடி, பழம், காய்க்கு இறக்குமதி அனுமதியும் பயிர் நலச் சான்றும் வேண்டும், இல்லாவிட்டால் பறிமுதல். சின்னத் தீவு, ஒரு பூச்சி புகுந்தால் மொத்தக் கரும்பும் காயும் போகும் என்பதால் அந்தக் கண்டிப்பு நியாயம்தான். கடையில் சீல் போட்ட டீத்தூள், வர்க்கி பாக்கெட் சரி, படிவத்தில் உணவுப்பொருள் இருக்கிறது என்று எழுதிவிடுங்க. வர்க்கியைப் பெட்டியில் வைத்தால் தூளாகத்தான் போய்ச் சேரும், டப்பாவில் போட்டுக் கைப்பையில் வையுங்க. தைலம் தீப்பற்றும் பொருள், ஏர்போர்ட்டில் எடுத்து வைத்துவிட வாய்ப்பு அதிகம்.

பொண்ணுக்குக் கண்ணாடிப் படகு நல்லது. புளூ பே 353 ஹெக்டேர் கடல் பூங்கா, 2008 முதல் ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். கரைக்கு மிக அருகிலேயே பவளம் தொடங்கிவிடும். மணலில் நின்று குளிப்பதானால் மிதவைக் கயிற்றுக்கு உள்ளேயே. அதைத் தாண்டினால் பவளத் திட்டின் வாய் வழியாக நீரோட்டம் வெளியே இழுக்கும், படகுகளும் ஓடும். காலில் ரப்பர் ஷூ கட்டாயம். நச்சு முள் உள்ள கல்மீன் கல்லைப் போலவே கிடக்கும். மிதித்துவிட்டால், பொறுக்கும் அளவுக்குச் சூடான தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரி. பக்கத்தில் பெரிய அரசு மருத்துவமனை ரோஸ் பெல்லில், ஆம்புலன்ஸ் எண் 114. சிப்பி, பவளத்துண்டு எதையும் பையில் போட விடாதீங்க, சட்டப்படி குற்றம்.

தீவு என்றால் ஈல் ஓ எக்ரெத். இதைத் தவறவிடாதீங்க. கரையிலிருந்து சுமார் 800 மீட்டர், 26 ஹெக்டேர் பவளப்பாறைத் திட்டு. மொரீசியஸ் வனவுயிர் அறக்கட்டளை பராமரிக்கிறது, வழிகாட்டியோடு மட்டுமே சுற்ற முடியும், முன்பதிவு வேண்டும், படகு புவான்த் ஜெரோமிலிருந்து. நம் சோலைக்காட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அங்கே நடக்கும் வேலை நன்றாகப் புரியும். கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைப் பரப்பிய மொரீசியஸ் ஆமைகள் அழிந்துவிட்டன. அந்த வேலைக்கு அல்டாப்ரா என்ற தீவிலிருந்து வந்த ராட்சத ஆமை இனத்தை விட்டிருக்கிறார்கள். ஆமை தின்று கழித்த இடத்தில் கருங்காலிக் கன்று முளைக்கிறது. 1990களின் தொடக்கத்தில் காட்டில் பத்துப் பன்னிரண்டே மிஞ்சிய இளஞ்சிவப்புப் புறாவும் அங்கே உண்டு. பாதை கூரான பவளக்கல், அம்மா அப்பாவுக்குப் பிடிமானமுள்ள ஷூ வேண்டும், செருப்பு ஆகாது. கொசு எண்ணெய் தடவாமல் இறங்கக் கூடாது, டெங்கு, சிக்குன்குனியா இரண்டும் அந்தப் பக்கம் வந்து போகிறவை.

வெலிங்டன்_மேடு:

மழை பிடித்தால் வீட்டுக்குள் கிடக்க வேண்டாம். ஊர் ஓரத்தில் தேசிய வரலாற்று மியூசியம் இருக்கிறது. 1810 ஆகஸ்டில் எதிரே கிராண்ட் போர் என்ற விரிகுடாவில் நடந்த கடற்போரில் காயம்பட்ட பிரெஞ்சுத் தளபதி துப்பெரே, ஆங்கிலேயக் கேப்டன் வில்லோபி இருவரையும் ஒரே கூரையின் கீழ் படுக்க வைத்து வைத்தியம் பார்த்தது அந்த வீட்டில்தான். 1744இல் மூழ்கிய சேன் ஜெரான் கப்பலின் மணியும் உள்ளே இருக்கிறது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் 1870 முதல் மரவள்ளிக்கிழங்கு பிஸ்கட் சுடும் ஆலை. கிழங்கைத் துருவி, பிழிந்து, உலர்த்தி, சலித்து, சூடான தகட்டில் சுடுவதை நேரில் காட்டுவார்கள்.

பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறையாகக் கொடுங்க, டிக்கெட்டை இறங்கும் வரை வைத்திருங்க. இருட்டியதும் பஸ் வெகுவாகக் குறைந்துவிடும். புளூ பேயிலிருந்து மாலை ஐந்துக்கெல்லாம் ஏறிவிடுங்க. விட்டால் டாக்ஸிதான், மீட்டர் போட மாட்டார்கள், ஏறும் முன் தொகை பேசிக்கொள்ள வேண்டும். 2024 பிப்ரவரியில் யுபிஐ அங்கே தொடங்கிவைக்கப்பட்டாலும் தால் பூரி வண்டியிலும் சந்தையிலும் நோட்டுதான் செல்லும். அந்த ரூபாய் நோட்டில் தமிழிலும் எழுதியிருக்கும், பொண்ணிடம் காட்டுங்க. நம் உருண்டை முள் பிளக் பல இடத்தில் நுழையாது, இங்கிலாந்து வகைத் தட்டை மூன்று முள் அடாப்டர் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்க.