ஏற்காடு மலைப்பாதையில் வருஷம் முழுக்கப் பருவக் குறிப்பு எடுக்க: எத்தனை மரம், எப்படிக் குறிப்பது?

அஸ்தம்பட்டி_நடைக்காரர்:
மாதத்தில் இரண்டு ஞாயிறு அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை வண்டியில் போய் வர முடியும். மரம், பூ, பறவை, பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் ஒரு வருஷம் தொடர்ந்து குறிக்க ஆசை. இப்போது நோட்டில் இருப்பதெல்லாம் "கொன்றை பூத்திருக்கு", "பூச்சி நிறைய" மாதிரி வரிகள்தான். ஒரு மாதத்தை இன்னொரு மாதத்தோடு ஒப்பிட முடியவில்லை. எத்தனை மரம் எடுக்கணும், என்னென்ன எழுதணும்? கையில் 8×42 பைனாகுலர் இருக்கு.

வெப்பாலை:
முதலில் இடத்தைப் பிரிச்சுக்குங்க. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு ஆறரை டிகிரி குறையும், ஆக மேலேயும் கீழேயும் ஏழெட்டு டிகிரி வித்தியாசம். ஒரே மரம் கீழே ஒரு தேதியில் துளிர்க்கும், மேலே வேறு தேதியில் துளிர்க்கும். உயரம் எழுதாத குறிப்பு பாதிக் குறிப்புதான். கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்கும் எண் பலகை இருக்கே, "7க்கும் 8க்கும் நடுவில், இடப்பக்கம்" என்று எழுதினாலே இடம் அடையாளமாயிடும். வளைவிலேயே வண்டியை நிறுத்தாதீங்க, அகலமான ஒதுக்கிடம் பார்த்து நிறுத்துங்க.

அடிவாரம், நடுமலை, மேல்மலை என மூன்று இடம் போதும். இடத்துக்கு ஐந்து மரம், எல்லாம் ரோட்டிலிருந்தே தெரிகிற மாதிரி. காப்புக்காட்டுக்குள் இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, பெயின்ட்டும் வேண்டாம். போட்டோ எடுத்து எண் கொடுத்துக்கிட்டால் போதும்.

பூத்திருக்கிற மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. பூ இல்லாத மாதத்தில் மொட்டையாக நிற்கும்போதே தேர்ந்தெடுங்க. ஒவ்வொரு முறையும் துளிர், முற்றின இலை, பழுத்த இலை, மொட்டு, பூ, காய், பழம் என ஏழுக்கும் "இல்லை / கொஞ்சம் / நிறைய" என்று போடுங்க. மரத்தலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்தால் கொஞ்சம், அதற்கு மேல் நிறைய. "இல்லை" என்பதையும் எழுதியே ஆகணும். கட்டத்தைக் காலியாக விட்டால், பார்த்து இல்லையா, பார்க்கவே இல்லையா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

அடிவாரத்துக்கு வெப்பாலை நல்ல மரம். ஏப்ரல், மே வாக்கில் வெள்ளைப் பூ. குடசப்பாலையோடு குழம்பும், காயைப் பார்த்தால் தீர்ந்தது: வெப்பாலையில் இரட்டைக் காய்கள் நுனியில் ஒட்டிக்கொண்டு இடுக்கி மாதிரி தொங்கும், முற்றி வெடிக்கும்போதுதான் பிரியும். குடசப்பாலையில் இரண்டும் ஆரம்பத்திலிருந்தே தனித்தனி. கூடவே ஒரு இலவு, ஒரு கொன்றை, ஒரு அத்தி சேர்த்துக்குங்க. இலை உதிர்ந்த இலவு ஜனவரிக்குப் பிறகு பூக்கும்போது அதன் கீழே இருபது நிமிஷம் நின்றால் கரிச்சான், மைனா, அணில் எல்லாம் தானாக நோட்டுக்குள் வந்துவிடும்.

காப்பிக்காடு:
மேல்மலைக்கு ஒரு எச்சரிக்கை. எஸ்டேட் நிழல் மரத்தைப் பருவக் கணக்கில் சேர்க்காதீங்க. சில்வர் ஓக், கல்யாண முருங்கை எல்லாம் வெயில் விடுவதற்காகக் கிளை கழிப்பாங்க. அதைப் பார்த்து "இலை உதிர்ந்தது" என்று எழுதினால் அது கத்தி செய்த பருவம்.

காப்பிப் பூவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு நடை சரிப்படாது. மார்ச், ஏப்ரலில் நல்ல பூ மழை (காப்பியைப் பூக்க வைக்கிற கோடை மழை) விழுந்து எட்டு பத்து நாளில் தோட்டம் மொத்தமும் வெள்ளையாகும், இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். மழை நாளைக் குறித்துக்கொண்டு ஒன்பதாம் நாள் ஏறுங்க. ஸ்பிரிங்க்ளர் போடுகிற தோட்டத்தில் முன்னாலேயே பூக்கும், அதைத் தனியாக எழுதுங்க.

மழையை நீங்களே அளக்கலாம். நேர்ச்சுவர் உள்ள டப்பா, பக்கத்தில் கூரையோ மரமோ இல்லாத இடம், தினம் காலை 8.30க்கு ஸ்கேல் விட்டு மில்லிமீட்டரில் படிக்கணும். அடி குழிந்த டப்பா பொய் சொல்லும். ஆனால் வீட்டு மொட்டைமாடி அளவு மலைக்குப் பொருந்தாது, மலையில் இருப்பவர் யாரையாவது பிடிங்க.

வாலாட்டி:
வலசை வருகிற பறவைகளுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரைதான் காலம். ஆறுமணிக்குருவியைக் கண்ணால் தேடாதீங்க, விடியலிலும் அந்தியிலும் இரட்டை விசிலாகக் கூப்பிடும், அதைக் கேட்ட தேதியே குறிப்பு. காப்பிச் செடிக்கு அடியில் தரையில் நடக்கிற வாலாட்டி வாலை மேலும் கீழும் ஆட்டாமல் இடமும் வலமுமாக ஆட்டினால் அது கொடிக்கால் வாலாட்டி. மஞ்சள்தொண்டைச் சின்னான் வருஷம் முழுக்க இருக்கிற பறவை, பாறையும் புதரும் உள்ள சரிவில் பாருங்க.

ஒரே இடத்தில் பதினைந்து நிமிஷம், ஒரே நேரத்தில், காலை ஒன்பதுக்குள். குரங்குக்குத் தீனி போடுகிற வளைவுகள் வேண்டாம், அங்கே கிடைக்கிற கணக்கு பிஸ்கட் பாக்கெட்டைப் பற்றிய கணக்கு.

அஸ்தம்பட்டி_நடைக்காரர்:
ரொம்ப நன்றிங்க. பட்டாம்பூச்சி "நிறைய" என்பதை எப்படி எண்ணாக்குவது?

வெப்பாலை:
இரண்டு கம்பத்துக்கு நடுவில் கற்பனைக் கோடு போட்டு, ஐந்து நிமிஷத்தில் அதைத் தாண்டுகிறவற்றை எண்ணுங்க. போகிற திசையைத் திசைகாட்டி பார்த்து எழுதுங்க, அதுதான் முக்கியம். அக்டோபர் வாக்கில் நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் எல்லாம் கூட்டமாக மேற்குத்தொடர்ச்சி மலைப் பக்கம் நகரும். பறக்கும்போது இரண்டு வரியனையும் பிரிப்பது கஷ்டம், வெறும் "வரியன்" என்று எழுதினால் தப்பில்லை, ஊகித்து எழுதினால்தான் தப்பு.

பக்கத்தில் பார்க்க ஆசையென்றால் காய்ந்த கிலுகிலுப்பை, தேள்கொடுக்குச் செடிகளிடம் போங்க. ஆண் பூச்சிகள் காலால் காய்ந்த இலையைக் கீறி, கீறின இடத்தில் உறிஞ்சும். பூவுக்காக வருவதில்லை, அந்தச் செடிச் சத்திலிருந்துதான் பெண்ணைக் கவரும் மணத்தைத் தயாரிக்கும். அப்போது விரல் நீட்டும் தூரத்தில்கூட நகராது, பெயரை உறுதி செய்ய அதுதான் நேரம்.

அப்புறம், நோட்டில் பென்சிலால் எழுதுங்க. நவம்பர் பனிமூட்டத்தில் ஜெல் பேனா மை ஊறிவிடும். திரும்பி வந்ததும் பைனாகுலரைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைங்க, பைக்குள்ளேயே விட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும்.