பைரோமீட்டர் 1200 காட்டுது, ஆனா பில்லெட் நடுவுல வேகல, எங்க தப்பு?

டைசெட்டர்:
இண்டக்ஷன் பில்லெட் ஹீட்டர் (ஹேமர்ல அடிக்கறதுக்கு முன்னாடி இரும்புத் துண்ட, அதான் பில்லெட்ட, கரண்ட் காயிலுக்குள்ள விட்டு சூடு பண்ற மெஷின்) ஓட்டுறவங்க யாராவது இருந்தா கொஞ்சம் பாருங்க. மெஷின் 400 கிலோவாட், 3 கிலோஹெர்ட்ஸ், காயில் நீளம் ஒன்றரை மீட்டர். இத்தன நாளா 40 மில்லி ரவுண்டு, 150 நீளம், 8 செகண்டுக்கு ஒண்ணு, 250 கிலோவாட்ல ஒரு தொந்தரவும் இல்லாம ஓடிச்சு. போன வாரம் 60 மில்லி வந்துச்சு, அதுக்கான காயில மாட்டினோம், நீளம் அதே தான். சைஸ் ஒன்றரை மடங்குன்னா டைமும் ஒன்றரை மடங்குன்னு நானா கணக்கு போட்டு 12 செகண்ட் வச்சு பவர 380க்கு ஏத்துனேன். காயில் வாய்ல பைரோமீட்டர் (தொடாம சூடு அளக்கற கருவி) 1200 டிகிரி காட்டுது, ஆனா டை (இரும்புக்கு வடிவம் குடுக்கற அச்சு) ஃபில் ஆக மாட்டேங்குது, ஹேமர் அடி விழுற சத்தமே வேற, டங்குன்னு கேக்குது, நேத்து ஒரு பீஸ் நடுவுல வெடிச்சே போச்சு. 400க்கு ஏத்துனா பொறி பறக்குது. பைரோமீட்டர் பொய் சொல்லுதா, இல்ல மெட்டீரியலே மோசமா?

பழையஹேமர்:
தம்பி, மெட்டீரியல திட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. வெளிய வர்ற பில்லெட்ட ஹேமருக்கு அனுப்பாம ஓரமா வச்சு, வெட்டுமுகத்த மட்டும் பாருங்க. என்ன தெரியுதுன்னு வந்து சொல்லுங்க.

டைசெட்டர்:
பாத்தேன் அண்ணே. ஓரம் நல்ல மஞ்சள், நடுவுல ஒரு காசு அளவுக்கு செவப்பா வட்டம். கொஞ்ச நேரம் நின்னு பாத்தா வட்டம் சுருங்கி கரையுது, ஆனா அதுக்குள்ள ஓரம் மங்கிடுது.

பழையஹேமர்:
அவ்ளோ தான், கோர் பச்சையா இருக்கு. காயில் உள்ள வரைக்கும் சூடு பண்றது இல்ல, அது தோல தான் சூடு பண்ணும், 770 டிகிரி வரைக்கும் இரும்புக்கு காந்தம் இருக்கறதால ஒண்ணு ரெண்டு மில்லிக்குள்ளயே கரண்ட் நின்னுடும், அதுக்கு மேல காந்தம் போனதும் 3 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு 10 மில்லி வரைக்கும் இறங்கும். உங்களோடது மையத்துக்கு 30 மில்லி. மிச்ச தூரம் சூடு தானா நடந்து போகணும், அதுக்கு டைம் தான் வேணும், பவர் இல்ல. அந்த டைம் விட்டத்தோட வர்க்கத்துல ஏறும், ஒன்றரை மடங்கு சைஸ்னா இரண்டேகால் மடங்கு. காயிலுக்குள்ள 10 பில்லெட் நிக்குது, 40க்கு 80 செகண்ட் கிடைச்சுது, 60க்கு 180 வேணும், நீங்க குடுத்தது 120. அதனால 18 செகண்டுக்கு ஒண்ணு தள்ளுங்க, பவர திரும்ப 250 பக்கம் இறக்கி அங்கேர்ந்து பாத்து பாத்து ஏத்துங்க.

காயில்காரன்:
அண்ணன் சொன்னது சரி, ஆனா பைரோமீட்டரும் முழுசா யோக்கியம் இல்ல. பில்லெட் மேல தளந்து நிக்கற ஸ்கேல (சூட்டுல உண்டாகற துருப் பொருக்க) பாத்துச்சுன்னா கம்மியா தான் காட்டும், ஆபரேட்டர் அத நம்பி பவர ஏத்துவான். அதோட வெளித்தோல் காத்துல சூட்ட விட்டுக்கிட்டே இருக்கும், உச்ச சூடு அதுக்கு கொஞ்சம் உள்ள தள்ளி தான் இருக்கும், அங்க என்ன நடக்குதுன்னு கண்ணாடிக்கு தெரியாது. பொறி பறந்த பீஸ தயவுசெஞ்சு ஸ்கிராப்ல போடுங்க, கிரெய்ன் (இரும்புக்குள்ள இருக்கற மணி) ஓரம் உருகி கருகின பீஸ எந்த ஹீட் ட்ரீட்மெண்ட்டும் காப்பாத்தாது.

புதுசு77:
1 கிலோஹெர்ட்ஸ் மெஷின் வாங்கிட்டா போதாதா?

காயில்காரன்:
போதும், கரண்ட் 17 மில்லி பக்கம் இறங்கும், 60க்கு அது தான் தோதும் கூட. ஆனா திரும்ப 40 வந்தா எஃபிஷியன்சி அடிவாங்கும், விட்டம் அந்த ஆழத்த விட மூணு மடங்காவது இருக்கணும். இருக்கற மெஷின்ல டைம் குடுத்தாலே வேல நடக்கும்போது எதுக்கு.

டைசெட்டர்:
ரெண்டு ஷிஃப்ட் ஓட்டிட்டு வர்றேன். 18 செகண்ட், 255 கிலோவாட்ல நிக்குது, முகத்துல வட்டமே இல்ல, டை மூலை வரைக்கும் ஃபில் ஆகுது, ஹேமர் சத்தமும் பழையபடி பொத்துன்னு கேக்குது. காலைல ஸ்டார்ட் பண்ணும்போது முதல் பத்து பீஸ் எப்பவும் போல தனியா போகுது. சூப்பர்வைசர் தான் நேத்த விட மணிக்கு 100 பீஸ் கம்மின்னு ஒரே சத்தம். ஒரு பீஸ் 3.3 கிலோ, உக்காந்து கணக்கு போட்டு காட்டினேன், 40 ஓடும்போதும் மணிக்கு 660 கிலோ தான், இப்பவும் 660 தான். அதுக்கப்புறம் பேசல. இன்னொண்ணு, ஹேமர் நின்னா என்ன பண்றீங்க? இன்னிக்கு அஞ்சு நிமிஷம் நின்னுது, பவர குறைக்க மறந்துட்டாங்க, மூணு பில்லெட் ஒட்டி ஒரே ராடா வெளிய வந்துச்சு.

பழையஹேமர்:
ஹேமர் நிறுத்தற பட்டன்லயே ஹோல்டிங் பவருக்கு (சூடு ஏறாம அப்படியே நிக்கற அளவு பவர்) தானா மாறற மாதிரி இன்டர்லாக் போட சொல்லுங்க, ஆள் ஞாபகத்த நம்பாதீங்க. ரொம்ப நேரம் நிக்கும்னு தெரிஞ்சா காயில காலி பண்ணிடுங்க. அந்த ராட தள்ளும்போது லைனிங் (காயிலோட உள்பக்கப் பூச்சு) உரசியிருக்கும், விரிசல் ஏதாவது இருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டு ஓட்டுங்க.

டைசெட்டர்:
பாத்தேன் அண்ணே, வாய் பக்கம் ஒரு விரிசல் இருக்கு. நாளைக்கு பேட்ச் அடிச்சுட்டு தான் ஓட்டுவோம்.