ஆர்போரிஸ்ட் ஆக நினைப்பவர்களுக்கு: முதல் ஆறு மாதம் தரையில்தான்

வெளிநாட்டுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், மரங்களில் ஏறி வெட்டிப் பராமரிக்கும் இந்த ஆர்போரிஸ்ட் வேலைக்குப் போகலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாகப் போகலாம். ஆனால் செயின்சா (சங்கிலி ரம்பம்) வாங்கிக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள்.

எல்லாரையும் போல நானும் தரையாளாகத்தான் சேர்ந்தேன். மேலே இருப்பவர் வெட்டிப் போடும் கிளைகளை இழுத்து வந்து, அவற்றைத் துண்டு துண்டாக அரைக்கும் சிப்பர் இயந்திரத்தில் ஊட்டுவதுதான் வேலை. அலுப்பாகத் தெரியும், அதில்தான் படிப்பே இருக்கிறது. கிளையின் தடித்த முனை முதலில் போக வேண்டும். பக்கவாட்டில் நின்று ஊட்டிவிட்டு உடனே விலகிவிட வேண்டும். முழங்கை வரை நீளும் கையுறை கூடவே கூடாது, கிளையோடு சேர்த்துக் கையையும் இழுத்துவிடும். தரையில் நிற்கும்போதே பவுலைன், குளோவ் ஹிட்ச், புரூசிக் முடிச்சுகளைக் கண்ணை மூடிக்கொண்டு போடுமளவுக்குப் பழகிவிடுங்கள்.

அப்புறம் வெட்டு. கனமான கிளையை அடிமரத்தோடு ஒட்ட ஒரே வெட்டில் அறுத்தால், விழும்போது பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். அதனால் மூன்று வெட்டு. அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து கொஞ்சம் அறுக்க வேண்டும். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை விழுந்துவிடும். மிச்சமிருக்கும் கட்டையைக் கடைசியாக எடுக்க வேண்டும். கிளை தொடங்கும் இடத்தில் வளையம்போல் ஒரு புடைப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதற்கு வெளியே வெட்ட வேண்டும். மனிதத் தோல்போல மரத்துக்குப் புண் ஆறுவதில்லை, காயத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. 1970களில் அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ இதை விளக்கிக் காட்டினார். வெட்டுவாயில் பெயின்ட் பூசுவது வீண் என்று இன்று சொல்வதும் அதனால்தான்.

சான்றிதழ் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் செயின்சா பராமரிப்பு, மரம் ஏறுதல், மேலே மாட்டியவரை மீட்டல் என்று தனித்தனித் தேர்வுகள். ஆஸ்திரேலியாவில் ஏறி வேலை செய்ய லெவல் 3 தகுதி, ஆலோசகராக லெவல் 5 தகுதி என்பார்கள். பல நாடுகளில் மதிக்கப்படுவது ஐஎஸ்ஏ (சர்வதேச ஆர்போரிஸ்ட் சங்கம்) தரும் சான்றிதழ். மூன்று வருட முழுநேர அனுபவம் இருந்தால் தேர்வு எழுதலாம், துறை சார்ந்த படிப்பு இருந்தால் அந்த வருடங்கள் குறையும். ஆகவே முதல் நாளிலிருந்தே சம்பளச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஓட்டுநர் உரிமத்தையும் சீக்கிரம் வாங்கிவிடுங்கள், வேனும் டிரெய்லரும் ஓட்டத் தெரிந்த ஆளை யாரும் இழக்க விரும்ப மாட்டார்கள்.

நம்மைப் போல வெளிநாட்டுக்கு வந்தவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. உள்ளூர் மரப் பெயர்கள் நமக்குத் தெரியாது. ஆனால் குவெர்கஸ் (ஓக்), ஏசர் (மேப்பிள்), ஃபிராக்ஸினஸ் (ஆஷ்) போன்ற தாவரவியல் பெயர்கள் எங்கும் ஒன்றுதான். வாரத்துக்கு ஐந்து மரம், இலையோடும் பட்டையோடும் படித்து வையுங்கள். குளிர்காலத்தில் இலை இருக்காது, கிளையிலுள்ள மொட்டுகளை வைத்துத்தான் அடையாளம் சொல்ல வேண்டியிருக்கும்.

யாராவது தனியாக மரத்தில் ஏறச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஏறி மீட்கத் தெரிந்த இன்னொருவர் கீழே இருக்க வேண்டும். மேலே செயின்சாவைக் கையில் எடுக்கும்போது உடம்பு இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும், ஒரு கயிறு தவறி அறுபட்டாலும் இன்னொன்று பிடிக்கும். மின்கம்பி அருகே வேலை என்றால், அதற்கெனப் பயிற்சி பெற்றவர்கள் வரட்டும்.

“வயது 40 ஆகிறது, முதுகு வலி வேறு, முடியுமா?” என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஏறுவதை மறந்துவிடுங்கள் அண்ணா. மரத்தைப் பரிசோதித்து அறிக்கை எழுதும் ஆட்களும் இந்தத் துறைக்கு வேண்டும். ரப்பர் சுத்தியலால் அடிமரத்தைத் தட்டி, உள்ளே பொந்து இருக்கிறதா என்று சத்தத்தை வைத்துக் கணிப்பார்கள். நல்ல மரத்தையும் பொந்து மரத்தையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தால் காது தானாகப் பழகிவிடும். ஆனாலும் ஒரு வருடமாவது தரையில் நின்றுவிட்டு அதற்குப் போங்கள்.