டிராகன்களுக்கு ஒரு பிறப்புக் கதை வேண்டும், யோசனை சொல்லுங்கள்

மேசையில் பகடை உருட்டி ஆடும் கற்பனை உலக விளையாட்டு ஒன்றை எங்கள் குழுவுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். வரைபடம், ஊர்கள், சாமிகள் எல்லாம் தயார், டிராகன் எங்கிருந்து வந்தது என்பதில்தான் முட்டி நிற்கிறேன்.

இப்போதைக்குக் கையில் இருப்பது இது: சூரியன் முதன்முதலில் உதித்தபோது அதன் ஓடு உடைந்து சில்லுகள் மண்ணில் விழுந்தன, அவைதான் தங்கம். அவற்றைப் பொறுக்கி வரச் சூரியன் அனுப்பிய வேலையாட்களே டிராகன்கள். பொறுக்கினார்கள், திருப்பிக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. ஏன் தங்கக் குவியல்மேல் படுத்துக் கிடக்கிறது, ஏன் நெருப்பு கக்குகிறது, இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடுகிறது (வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் கதையில் ஃபாஃப்னிரும் தங்கத்துக்கு ஆசைப்பட்டு டிராகனானவன்தான், சாயல் தெரியும், பரவாயில்லை).

சிக்கல் என் வரைபடத்தின் தெற்குத் தீவுகளில். அங்கே டிராகன்தான் மழை தருகிறது, மீனவர்கள் கும்பிடுகிறார்கள். சீனாவில் மஞ்சள் நதியின் டிராகன் வாசலை எதிர்நீச்சலில் தாண்டும் கெண்டை மீன் டிராகனாகும் என்பார்களே, அந்த வகை. நெருப்பு வேலையாள் எப்படி மழை தருவான்? பாபிலோன் புராணத்தில் மர்துக் என்ற சாமி கடல் தாய் தியாமத்தைப் பிளந்து ஒரு பாதியை வானமாக்கியதுபோல் கடலிலிருந்தே தொடங்கலாம் என்றால், அப்புறம் தங்கம் அடிபடுகிறது.

இரண்டு ஊரும் இரண்டு கதை சொல்லட்டும் என்று விட்டுவிடலாமா? எங்கள் குழுவில் ஒருவர் ஆட்டத்துக்குள் சாமியையே கூப்பிட்டு எது உண்மை என்று கேட்கிற ஆள், அவருக்கு என்ன பதில் சொல்வது?