பைத்தான் 2-இலிருந்து 3-க்கு: புள்ளிக் கணக்கில் கூடி நின்ற 96 ரூபாய்

காரைக்குடியிலிருந்து:

எங்கள் ஊர்க் கோயில் புள்ளி வரி ரசீதுகள் 2013 முதல் நான் எழுதிய நிரலில்தான் வருகின்றன. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. திருவிழாச் செலவை எத்தனை புள்ளியோ அத்தனையாகப் பிரித்து ரசீது போடுவோம். அன்று எழுதியது பைத்தான் என்ற நிரல்மொழியின் 2.7 பதிப்பில். 3.0 வெளியானது 2008 டிசம்பரில் என்றாலும், எனக்கு வேண்டிய நூலகங்கள் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்புகள்) அப்போது 2-இல்தான் ஓடின. 2020 ஜனவரி 1-உடன் 2-க்கு ஆதரவு முடிந்தது. அதற்கப்புறமும் இரண்டு வருஷம் தள்ளிப்போட்டேன். அது தவறு. பழைய கணினி படுத்தபிறகுதான் கை வைத்தேன்.

பழைய நிரலை 3-க்கு மாற்றித் தர அப்போது பைத்தானோடு கூடவே வந்த டூ-டு-த்ரீ கருவியை ஓட்டினேன். பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போட்டது, எக்ஸ்ரேஞ்சை ரேஞ்ச் ஆக்கியது, ரா இன்புட்டை இன்புட் ஆக்கியது. நிரல் ஒரு பிழையும் காட்டாமல் ஓடியது. அச்சடித்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல்விட்டுக் கூட்டியவர், "தம்பி, 96 ரூபாய் கூட நிக்குதே" என்றார்.

செலவு 1,00,000 ரூபாய், புள்ளி 96. பைத்தான் 2-இல் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் பின்னம் போய்விடும்: தலைக்கு 1,041. மிச்சம் 64 ரூபாயைத் தனியாக எடுத்து ‘மீதி’ என்று எழுதுவேன். பைத்தான் 3-இல் அதே வகுத்தல் குறி, ஒற்றைச் சாய்கோடு, 1,041.67 என்று தருகிறது. பைசா இல்லாமல் அச்சிடும் இடத்தில் அது 1,042 ஆகிவிட்டது. 96 பேருக்கு 1,00,032, அதன்மேல் பழைய மீதி 64. கூட்டினால் 1,00,096. ஒவ்வொரு புள்ளியிடமும் ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கியிருப்போம். கோயில் காசு! அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

சாய்கோட்டை, பின்னத்தை விட்டுவிடும் இரட்டைச் சாய்கோடாக்கினேன், சரியாகிவிட்டது. டூ-டு-த்ரீ இதைத் தொடாது, ஏனென்றால் நீங்கள் எந்த வகுத்தலை நினைத்தீர்கள் என்று அதற்குத் தெரிய வழியில்லை. 2.7-ஐ ‘-3’ என்ற சுவிட்சோடு ஓட்டியிருந்தால் அந்த வரியை அதுவே எச்சரித்திருக்கும். இப்போது எந்த மாற்றத்துக்கு முன்னாலும் பழைய பதிப்பில் நாலு வருஷக் கணக்கை ஓட்டி, வெளியீட்டைக் கோப்பாக வைத்துக்கொள்கிறேன். புதியதோடு டிஃப் போட்டு, அதாவது இரண்டையும் ஒப்பிட்டு, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை என்று பார்த்தபிறகே அச்சுக்கு அனுப்புகிறேன்.

தேவகோட்டையிலிருந்து:

அண்ணே, எனக்குக் கணக்கு தப்பவில்லை, எழுத்து தப்பியது. கண்டாங்கிச் சேலைக் கடைக்கு விலைச்சீட்டு அச்சிடும் நிரல். பைத்தான் 2-இல் ‘ஆச்சி’ என்ற சொல்லின் நீளம் 15, அதாவது கணினி சேமிக்கும் பைட் கணக்கு. 3-இல் 5. நமக்கோ மூன்றே எழுத்து: ஆ, ச், சி. மெய்யின் புள்ளியையும் இகரக் கொக்கியையும், எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோட் தனித்தனியாக எண்ணுகிறது. 3-க்கு மாறினால் தமிழ் தானாகச் சரியாகும் என்று நம்பியிருந்தேன், பாதிதான் ஆயிற்று. மீதியை ஓப்பன்-தமிழ் நூலகம் பார்த்துக்கொண்டது. சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும், அதை எண்ணினால் மூன்று.

பெயர்களை வரிசைப்படுத்துகிறவர்களும் கவனியுங்கள். யூனிகோட் எண்வரிசையில் ‘ன’ நகரத்துக்கு அடுத்தே வந்துவிடுகிறது, அதனால் மலர்விழிக்கு முன்னால் மனோன்மணி நிற்பார். நம் நெடுங்கணக்கில் அது கடைசி மெய். அப்புறம், விண்டோஸில் கோப்பைத் திறக்கும்போது, யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 என்று கையால் எழுதிவிடுங்கள். எழுதாததால் எனக்கு ஒரு முழுப் பட்டியல் படிக்க முடியாத குறிகளாகப் போனது.

பள்ளத்தூரிலிருந்து:

3-க்கு வந்துவிட்டால் நிம்மதி என்று நினைக்காதீர்கள், அண்ணே. இப்போது வருஷா வருஷம் அக்டோபரில் ஒரு பதிப்பு. 3.12-இல் நிரலைப் பொதியாக்கும் டிஸ்ட்யூடில்ஸ் போனது, 3.13-இல் வலைப்படிவத்தில் நிரப்புவதை நிரலுக்குத் தரும் சிஜிஐ போனது, நீங்கள் சொன்ன டூ-டு-த்ரீயும் அதே பதிப்போடு போய்விட்டது. என் பழைய வலைப்படிவம் சிஜிஐ-யை நம்பியிருந்தது. 3.11 முதலே எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, நான் எச்சரிக்கைகளை மறைத்துவைத்திருந்தேன். இப்போது சோதனைகளை எச்சரிக்கையும் பிழையாகும்படி ஓட்டுகிறேன். புதுப் பதிப்பின் ‘என்ன புதிது’ பக்கத்தில் நீக்கியவற்றின் பட்டியலை முதலில் படிக்கிறேன். யூவி கருவியால் இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து ஓட்டிப் பார்க்க முடிகிறது.

காரைக்குடியிலிருந்து:

நன்றி தங்கச்சி, சிஜிஐ விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் நன்கொடைப் படிவமும் அதில்தான் இருக்கிறது. திருவிழாவுக்கு முன்னால் மாற்றிவிடுகிறேன். மாற்றுவதற்கு முன் பழைய வெளியீட்டை எடுத்துவைக்க இன்று இரவே உட்காருகிறேன்.