டர்பனில் சைக்காலஜி பிஎச்.டி. சேர நினைப்பவர்களுக்கு

போன வாரம் இந்தக் குழுவில் மதுரையிலிருந்து புதிதாக வந்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அக்கா, கணவருக்கு டர்பனில் வேலை. நான் எம்.எஸ்சி. சைக்காலஜி முடித்திருக்கிறேன். இங்கேயே பிஎச்.டி. முடித்துவிட்டு ஒரு கிளினிக் போடலாமா?" கமெண்டில் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் தனி இழையாகவே போடுகிறேன். இதே நினைப்போடு திருநெல்வேலியிலிருந்து வந்தவள்தான் நானும். பட்டம் கைக்கு வர ஐந்தரை வருஷம் ஆயிற்று. கிளினிக் இன்னும் வரவில்லை, வரப்போவதும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தத் தென்னாப்பிரிக்காவில் பிஎச்.டி. ஒரு பாதை, ஆட்களை உட்கார வைத்துச் சிகிச்சை கொடுக்கும் உரிமை வேறொரு பாதை. இரண்டும் எங்கேயும் தானாகச் சந்திப்பதில்லை. அமெரிக்காவில் மருத்துவ உளவியலாளர் ஆக முனைவர் பட்டம் வேண்டும். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு இங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். இங்கே வாசல் முதுகலைதான். மூன்று வருஷ இளங்கலை, ஒரு வருஷ ஆனர்ஸ், பிறகு தொழிற்பயிற்சியோடு சேர்ந்த மாஸ்டர்ஸ், அதில் 12 மாத இன்டர்ன்ஷிப், மருத்துவ உளவியல் என்றால் அதற்கு மேல் ஒரு வருஷம் அரசு மருத்துவமனையில் சமூக சேவை, வாரியத் தேர்வு. இவ்வளவும் முடிந்தால்தான் எச்.பி.சி.எஸ்.ஏ. என்கிற சுகாதாரத் தொழில்கள் மன்றத்தில் பதிவு கிடைக்கும். அந்தப் பதிவு இல்லாமல் "சைக்காலஜிஸ்ட்" என்று போர்டு மாட்டினால் சட்டப்படி குற்றம். 1974ஆம் வருஷத்துச் சட்டம் அது. பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இருப்பது இதில் எந்த உதவியும் செய்யாது.

அப்படியானால் அந்த மாஸ்டர்ஸிலேயே சேர்ந்துவிடலாமே என்று கேட்பீர்கள். கேட்கலாம், ஆனால் நூற்றுக்கணக்கானோர் விண்ணப்பிக்க, ஒரு பல்கலைக்கழகம் எடுப்பது பத்துப் பன்னிரண்டு பேரைத்தான். மதிப்பெண் மட்டும் பார்ப்பதில்லை. நேர்காணலில் குழுவாக உட்கார வைத்துப் பேசச் சொல்வார்கள், உங்கள் வாழ்க்கையில் பட்ட அடிகளைப் பற்றிக் கேட்பார்கள், அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். ஜுலு மொழி தெரிந்த, இந்த நாட்டுக் குடிமக்களுக்கு முன்னுரிமை இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. அரசு மருத்துவமனையில் காத்திருப்பவர்கள் பேசும் மொழி அதுதானே. இன்டர்ன்ஷிப்புக்கும் வேலைக்கும் வெளிநாட்டவர் சுகாதாரத் துறையிடம் தனி ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது இன்னொரு முடிச்சு. ஊரில் ஆர்.சி.ஐ. என்கிற இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வாங்கிவிட்டு வந்தவர்களும் இங்கே நேராக நோயாளியைப் பார்க்க முடியாது, மன்றத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ஆகவே ஆராய்ச்சியும் கற்பித்தலும் பிடிக்கும் என்றால் மட்டும் பிஎச்.டி. பக்கம் வாருங்கள். பிடித்தால் சொர்க்கம்தான்.

சரி, பிஎச்.டி.யில் எப்படி நுழைவது? நம் ஊர் மாதிரி நுழைவுத் தேர்வு, கோர்ஸ் வொர்க் என்று எதுவும் இல்லை. முழுக்க ஆய்வேடுதான், 360 கிரெடிட், ஒரே ஒரு ஆய்வேடு. வகுப்பே கிடையாது என்றதும் முதலில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆறு மாதம் கழித்துத்தான் அதன் பொருள் புரிந்தது. உங்களோடு சேர்ந்து படிப்பவர் என்று யாருமே இல்லை.

சேர்வதற்கு முன்னால் சூப்பர்வைசரைப் பிடிக்க வேண்டும். ஊரில் கைடு என்போமே, அவர்தான். பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்தால் எதுவும் நடக்காது. நான் முதல் சுற்றில் 23 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், நான்கு பதில் வந்தது, அதில் மூன்று "இடமில்லை". எல்லோருக்கும் ஒரே கடிதத்தை, "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்து, என் தங்கப் பதக்கம் வரைக்கும் எழுதி அனுப்பியது என் முட்டாள்தனம். இரண்டாவது சுற்றில் ஆறு பேரை மட்டும் எடுத்து, ஒவ்வொருவரும் சமீபத்தில் எழுதிய கட்டுரைகளைப் படித்து, இரண்டு பக்கத்தில் என் கேள்வி என்ன, யாரிடம் கேட்கப் போகிறேன், எப்படிக் கேட்கப் போகிறேன் என்று மட்டும் எழுதினேன். இரண்டு பேர் கூப்பிட்டார்கள்.

ஒரு ரகசியம் சொல்கிறேன், ரகசியமே இல்லை, ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இங்கே வெளியாகும் ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரைக்கும், பட்டம் பெறும் ஒவ்வொரு முனைவருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு அரசு மானியம் கொடுக்கிறது. உங்களை முடிக்க வைப்பதில் பல்கலைக்கழகத்துக்கும் லாபம் உண்டு. ஆகவே கெஞ்சும் தொனி வேண்டாம். அதே சமயம், கட்டுரைக் கணக்குக்காகக் கைக்கு மிஞ்சிய மாணவர்களைச் சேர்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சேரும் முன் அவரிடம் ஏற்கெனவே படிக்கும் இரண்டு பேரிடம் பேசிவிடுங்கள். "ஒரு அத்தியாயம் கொடுத்தால் எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறது?" இந்த ஒரு கேள்வி போதும்.

பேப்பர் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பட்டங்களைச் சாக்வா என்கிற தகுதிகள் ஆணையத்திடம் கொடுத்து மதிப்பிட்டு வாங்க வேண்டும், நேரம் எடுக்கும், இன்றே போடுங்கள். உங்கள் எம்.எஸ்சி.யில் ஆய்வேடு இருந்ததா என்று கேட்பார்கள். இருந்திருந்தால் பரணிலிருந்து எடுத்து ஸ்கேன் செய்து வையுங்கள். கணவரோடு துணையாக வந்த விசாவில் படிக்கும் அனுமதி தானாக வராது, அதைத் தனியாக எடுக்க வேண்டும். படிப்பு விசாவுக்கு இந்த நாட்டு மெடிக்கல் எய்ட், அதாவது மருத்துவக் காப்பீடு, ஒன்று கட்டாயம். அந்த விசாவில் வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். ட்யூட்டர் வேலை கிடைத்தால் விடாதீர்கள், சம்பளத்துக்காக இல்லாவிட்டாலும் மனிதர்களைப் பார்ப்பதற்காக.

கீழே கமெண்டில் ஒருவர் "எதிக்ஸ் வாங்க எவ்வளவு நாள்?" என்று கேட்டிருக்கிறார், ஆய்வைத் தொடங்க நெறிமுறைக் குழு தரும் ஒப்புதலைத்தான் சொல்கிறார். தம்பி, என் கதையைக் கேளுங்கள். என் தலைப்பு, கணவரை இழந்த வயதான தமிழ்ப் பெண்களின் துக்கம். எதிக்ஸ் விண்ணப்பத்தை நவம்பர் கடைசி வாரத்தில் பெருமையாகச் சமர்ப்பித்தேன். இங்கே கல்வி ஆண்டு பிப்ரவரி முதல் நவம்பர் வரை, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை நாடே கடலுக்குப் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. குழு கூடியது பிப்ரவரியில். திருத்தம் கேட்டார்கள். பேட்டியின்போது ஒரு பெண் உடைந்து அழுதால் யாரிடம் அனுப்புவீர்கள், அந்த ஆலோசகரின் ஒப்புதல் கடிதம் எங்கே? நியாயமான கேள்விதான், நான் யோசிக்கவே இல்லை. ஒலிப்பதிவுகளை எங்கே, எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? போபியா என்று ஒரு தனிநபர் தகவல் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுதாக நடைமுறையில் இருக்கிறது, அதற்கும் பதில் எழுத வேண்டும். கையெழுத்து கிடைத்தது மார்ச் கடைசியில். நான்கு மாதம். மருத்துவமனை மூலமாக ஆட்களைச் சேர்ப்பதென்றால் மாகாணச் சுகாதாரத் துறையின் அனுமதி வேறு, அந்த மருத்துவமனையின் அனுமதிக் கடிதம் வேறு. ஒரு மருத்துவமனையில் என் கடிதம் ஐந்து மாதம் மேஜை மேஜையாகச் சுற்றியது. கடைசியில் கோயில்களையும் முதியோர் சங்கங்களையும் வைத்தே ஆட்களைச் சேர்த்தேன்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வகைப்படுத்தப்பட்ட உளவியல் சோதனைகளைப் மன்றத்தில் பதிவு பெற்றவர் மேற்பார்வையில்தான் பயன்படுத்த முடியும். ஊரில் எம்.எஸ்சி. லேபில் எடுத்த சோதனைகளை நம்பி இங்கே முறையியல் எழுதிவிடாதீர்கள்.

இனி மொழி. டர்பனில் தமிழர் இவ்வளவு பேர் இருக்கிறார்களே, தமிழிலேயே பேட்டி எடுக்கலாம் என்று நினைத்தேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கியதிலிருந்து தமிழர் இங்கே இருக்கிறார்கள். கோவிந்தர், நாயுடு, மூட்லி, பிள்ளை, படையாச்சி என்று பெயர்ப் பலகை பார்த்தால் நம் தெருவில் நடப்பது போலவே இருக்கும். காவடி எடுப்பார்கள், புரட்டாசியில் கறி தொட மாட்டார்கள், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். ஆனால் வீட்டு மொழி ஆங்கிலம். "வணக்கம்" தமிழில் வரும், அடுத்த வாக்கியம் ஆங்கிலத்தில் வரும். அந்த ஆங்கிலமும் நமக்குப் புதுசு. சூப்பர்வைசர் "ஜஸ்ட் நௌ அனுப்புகிறேன்" என்றார், நான் லேப்டாப்பைத் திறந்துவைத்து ராத்திரி 11 மணி வரை காத்திருந்தேன். இங்கே "ஜஸ்ட் நௌ" என்றால் எப்போதாவது என்று பொருள். அம்மாவைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது என்று ஒரு ஆன்ட்டியிடம் சொன்னேன். "ஷேம்!" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஐயோ பாவம்" என்பதைத்தான் இந்த ஊரில் அப்படிச் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் நான்காவது பேட்டி. எழுபத்தெட்டு வயதிருக்கும் அந்த ஆன்ட்டிக்கு. நான் கான்சென்ட் ஃபார்ம் நான்கு பக்கத்தையும் மேஜையில் பரப்பினேன். அவர் அதைத் தள்ளிவைத்துவிட்டு டீ ஊற்றினார். பிறகு பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து, அதற்குள்ளிருந்து பாலித்தீன் உறையில் போட்ட ஒரு ஜெராக்ஸை எடுத்தார். அவருடைய பாட்டி வந்த கப்பலின் ஆள் பட்டியலில் பாட்டிக்கான வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா போளூர், கிராமத்தின் பெயர் யாரோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது, கடைசியில் உடல் அடையாளம். "இந்த ஊர் எங்கே இருக்கிறது, உனக்குத் தெரியுமா?" ஆங்கிலத்தில்தான் கேட்டார். கிராமத்தின் பெயரை அவரால் உச்சரிக்க முடியவில்லை. எனக்கும் புரியவில்லை. இருவரும் சேர்ந்து அரை மணி நேரம் போனில் மேப்பை வைத்துக்கொண்டு போளூரைச் சுற்றிச் சுற்றி வந்தோம். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டார், அதன் பிறகுதான் கணவரின் பதினாறாம் நாள் பற்றிப் பேசினார். ஊரிலிருந்து வந்த பிள்ளை என்பதால் அவர் என்னிடம் எதைச் சொன்னார், எதை மறைத்தார் என்பதே ஒரு அத்தியாயம் ஆயிற்று. "இதை முறையியலில் எழுது, வெட்கப்படாதே" என்றவர் என் சூப்பர்வைசர். நான் அதை நேரவிரயம் என்று நினைத்திருந்தேன்.

ஜுலு கற்றுக்கொள்ளுங்கள். பேட்டி தமிழர்களோடுதான் என்றாலும் கற்றுக்கொள்ளுங்கள். என் பக்கத்து மேஜைத் தோழி மனச்சோர்வு அளவுகோல் ஒன்றை ஜுலுவில் மொழிபெயர்த்து, வேறொருவரை வைத்துத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜுலுவில் "இன்லிசியோ" என்றால் இதயம். "என் இதயம் வலிக்கிறது" என்று ஒரு நோயாளி சொன்னால் அது நெஞ்சுவலியா, துக்கமா? நம்மிடம் "மனசு கனக்குது" என்பதை எடைக் கணக்காக யாராவது மொழிபெயர்த்தால் எப்படி இருக்கும், அப்படித்தான். அந்த ஒரு மதியத்தில் கற்றது எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த நாட்டில் இந்தப் படிப்புக்கு ஒரு கறையும் உண்டு, தெரிந்தே உள்ளே வாருங்கள். நிறவெறிச் சட்டங்களின் சிற்பி எனப்படும் வெர்வூர்ட் உளவியலில்தான் முனைவர் பட்டம் வாங்கினார், ஸ்டெல்லன்போஷில், 1924இல். பேராசிரியராகவும் இருந்தார். நாட்டின் முதல் கறுப்பின மருத்துவ உளவியலாளர் எனப்படும் சபானி மங்கன்யி முனைவர் ஆனது 1970இல்தான். உங்கள் ஆய்வு யாருக்குப் பயன் என்று கருத்தரங்கில் யாராவது சூடாகக் கேட்டால் முறைத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

மூன்றாவது வருஷம்தான் எனக்குக் கிணறு. பேட்டிகள் முடிந்து, 31 ஒலிப்பதிவுகளையும் எழுத்தாக்க உட்கார்ந்தேன். நாள் முழுக்க ஹெட்போனில் விதவைகள் அழுகிறார்கள், நான் நிறுத்தி, பின்னோக்கி ஓட்டி, மறுபடி கேட்டு, "(அழுகிறார், 12 வினாடி)" என்று தட்டச்சு செய்கிறேன். தூக்கம் போயிற்று. மனநலம் படிக்கிறவளுக்கே மனநலம் சரியில்லை என்றால் சிரிப்பார்களோ என்று வெளியில் சொல்லவில்லை. ஊருக்கு போன் செய்தால் "இன்னுமா முடிக்கலை?" என்பார்கள். கடைசியில் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆலோசனை மையத்துக்குப் போனேன். காசு வாங்க மாட்டார்கள், விஷயம் வெளியே போகாது. ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் சாடாக் என்கிற மனநல அமைப்பின் உதவி எண் 24 மணி நேரமும் உண்டு, இப்போதே போனில் சேமித்து வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பேட்டிக்கு மேல் எழுத்தாக்குவதில்லை என்று விதி வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. சனிக்கிழமைகளில் இன்னும் மூன்று மாணவிகளோடு நூலகத்தில் ஒன்றாக உட்கார்ந்து எழுத ஆரம்பித்தோம். பேசவே மாட்டோம், 1 மணிக்கு பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றியது) சாப்பிடப் போவோம். அந்தப் படிப்பில் எனக்கு வகுப்பு என்று இருந்தது அதுதான்.

கடைசிக் கட்டம் பற்றிக் கேட்டவருக்கு: ஆய்வேட்டைப் பெரும்பாலும் மூன்று தேர்வாளர்களுக்கு அனுப்புவார்கள், அதில் வெளிநாட்டவரும் இருப்பார்கள். பல இடங்களில் வாய்மொழித் தேர்வே கிடையாது. ஊரில் மாதிரி வைவா, மாலை, டிபன் ஏற்பாடு எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மாதக் கணக்கில் அமைதி, பிறகு ஒரு மின்னஞ்சல். எனக்கு வந்தபோது நான் "ரோபோட்"டில் காரை நிறுத்தியிருந்தேன். இங்கே சிக்னலுக்கு அதுதான் பெயர். பச்சை விழுந்து பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

இப்போது ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி முறைகள் பாடம் எடுக்கிறேன். மதுரைத் தங்கைக்கு: அந்த இரண்டு பக்கக் குறிப்பை எழுதி எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். தங்கப் பதக்கம் பற்றி எழுத வேண்டாம். டிசம்பர் 10க்குள் அனுப்பினால் நல்லது, அப்புறம் நானும் கடலுக்குப் போய்விடுவேன்.