ராத்திரி வீட்ல வாசிக்க எந்த ஆம்ப்? 1 வாட் டியூப்பா, மாடலிங்கா, ஹெட்போனா?

ராத்திரிக்கம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எலக்ட்ரிக் கிட்டார் எடுத்து ஒண்ணரை வருஷம் ஆச்சு. வேலை முடிஞ்சு குழந்தை தூங்கின பிறகு பத்து மணிக்கு மேலதான் கிட்டாரே கைக்கு வரும். ரெண்டாவது மாடி, சுவருக்கு அந்தப்பக்கம் வயசானவங்க, கீழயும் ஒரு குடும்பம். இப்ப இருக்கிறது நண்பர் ஒருத்தர்கிட்ட வாங்கின 15 வாட் டியூப் ஆம்ப் (கண்ணாடி வால்வு வச்சது), 12 இன்ச் ஸ்பீக்கர். வால்யூம் நாப் 1ல இருந்தா கொசு சத்தம், ஒண்ணரைக்குப் போனா வீடே முழிச்சுக்குது, நடுவுல ஒண்ணுமே கிடையாது. மாத்திடலாம்னு 1 வாட் டியூப் ஆம்ப் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், 15ல இருந்து 1க்கு வந்தா சத்தம் பதினஞ்சுல ஒரு பங்காயிடும்ங்கிறது என் கணக்கு. சரிதானே? எனக்கு வேண்டியது க்ளீன், அப்புறம் லேசா உடையிற மாதிரி ஒரு க்ரஞ்ச், மெட்டல் எல்லாம் வாசிக்கிறதில்ல.

சவுண்ட்செக்:
வாங்குறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, நல்லதாப் போச்சு. அந்தக் கணக்கு தப்பு. வாட் குறையிற அளவுக்கு சத்தம் குறையாது. வாட் பாதியானா 3 டெசிபல்தான் இறங்கும், பத்துல ஒரு பங்கானா 10 டெசிபல், அந்த 10 டெசிபல் இறங்கினாத்தான் காதுக்கு ஏறக்குறைய 'சத்தம் பாதியாச்சு'ன்னு படும். 15ல இருந்து 1 வாட்டுக்கு வந்தா கிட்டத்தட்ட 12 டெசிபல், அதாவது பாதிக்குக் கொஞ்சம் கீழ, அவ்ளோதான். அது போக கிட்டார் ஸ்பீக்கர் சாதாரண ஸ்பீக்கர் மாதிரி இல்ல, கொஞ்சம் கரண்ட் குடுத்தாலே கத்தும். செலஸ்டியன் வின்டேஜ் 30ங்கிற கிட்டார் ஸ்பீக்கருக்கு 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தள்ளி 100 டெசிபல் வரும். நாம பேசிக்கிறது 60 டெசிபல் சுமார். 1 வாட்னு பேரு சின்னதா இருக்கேன்னு நம்பி வாங்கிட்டு ஏமாந்தவங்க நிறைய.

வால்வுவிசுவாசி:
கணக்கெல்லாம் சரி ப்ரோ, ஆனா அதைச் சொல்லியே எல்லாரையும் டியூப்லேர்ந்து விரட்டிடாதீங்க. 1 வாட் ஆம்ப்லயும் மாஸ்டர் வால்யூம் (மொத்த சத்தத்தையும் குறைக்கிற நாப்) இருக்கு, முழுசா திறந்துதான் வாசிக்கணும்னு யார் சொன்னா. டியூப் ஆம்ப் எதுக்குன்னா கைக்கு. மெதுவா தட்டினா க்ளீன், அழுத்தி அடிச்சா லேசா உடையும், கிட்டார்ல வால்யூமை ஏழுக்கு இறக்கினா திரும்ப தெளியும், இந்த மூணையும் ஒரே செட்டிங்ல விரல்லயே பண்ணலாம். கத்துக்குற வயசுல இதை விட்டுட்டா அப்புறம் வராது. ராத்திரிக்கம்பி, என் பேச்சைக் கேட்டா ஆம்பை மாத்தவே வேணாம். ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு அட்டெனுவேட்டர், அதாவது ஸ்பீக்கருக்குப் போற பவரைக் குறைக்கிற பெட்டி, போடுங்க, ஓம்ஸ் (மின்தடை அளவு) மட்டும் ரெண்டு பக்கமும் பொருந்தணும்.

ஹெட்போன்வாசி:
இதைத்தான் நான் ரொம்ப நாளா மறுத்துக்கிட்டு இருக்கேன். நீங்க சொல்ற அந்த உடையிற சத்தம் எங்கிருந்து வருது? பவர் டியூப் திணறணும், அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் திணறணும், ஸ்பீக்கர் கோன் திணறணும், எல்லாம் ஏத்தி வச்சாத்தான். ராத்திரி பத்து மணிக்கு மாஸ்டரை ஒண்ணுல வச்சா இதுல ஒண்ணுமே நடக்காது, முன்னாடி இருக்கிற 12ஏஎக்ஸ்7ங்கிற சின்ன டியூப் மட்டும் வேலை செய்யும், அந்தச் சத்தம் ஒல்லியா மணல் கொட்டின மாதிரி இருக்கும். அட்டெனுவேட்டர் போட்டா பவர் டியூப் திணறும், ஒத்துக்கிறேன், ஆனா ஸ்பீக்கர் திணறாது, காதும் ஒத்துழைக்காது. ஃப்ளெச்சர், மன்சன்னு ரெண்டு பேர் 1933லயே இதை அளந்து எழுதிட்டாங்க, சத்தம் குறையக் குறைய காது பேஸை முதல்ல விட்டுடும், ட்ரெபிளும் மங்கும், நடுவுல உள்ளது மட்டும்தான் கேக்கும். அதனாலதான் ஏத்தி வச்சா நல்லா இருக்கிற டோன் இறக்கினா அட்டை டப்பா மாதிரி ஆயிடுது. மாடலிங் ஆம்ப்ல, அதாவது டியூப் ஆம்ப் சத்தத்தை டிஜிட்டலா உருவாக்குறதுல, டிஸ்டார்ஷன் (சத்தம் உடையிறது) எவ்ளோங்கிறதும் வால்யூம் எவ்ளோங்கிறதும் தனித்தனி. யமஹா 2011ல டிஎச்ஆர்10ங்கிற மாடலிங் ஆம்பைக் கொண்டுவந்தப்ப மேடையை நினைச்சே பண்ணல, வீட்ல மேசை மேல வச்சு வாசிக்கத்தான் பண்ணாங்க. பாஸ் கட்டானா 50ல 0.5 வாட்னு ஒரு ஸ்விட்சே இருக்கு.

வால்வுவிசுவாசி:
டிஎச்ஆர்10ல இருக்கிறது 8 சென்டிமீட்டர் ஸ்பீக்கர் ரெண்டு. நம்ம அடி ஈ கம்பி 82 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல அது எப்படி முழுசா வரும்? சாஃப்ட்வேர்ல பேஸைத் தூக்கி வர்ற மாதிரி காட்டுறாங்க. ஹெட்போனும் அப்படித்தான். என் அனுபவத்தையே சொல்றேன், மூணு வருஷம் நானும் ஹெட்போன்லதான் வாசிச்சேன், கெயினை (டிஸ்டார்ஷனைக் கூட்டுற நாப்) நல்லா ஏத்தி, ரிவெர்ப் (எதிரொலி) போட்டு, காதுக்குள்ள பிரமாதமா இருக்கும். முதல் தடவை ட்ரம்ஸோட வாசிச்சப்பதான் என் வலது கைக்கு சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் தெரியலன்னு தெரிஞ்சுது, மியூட் பண்ணாத கம்பியெல்லாம் ஊளையிடுது, எல்லா நோட்டும் ஒரே உயரம். அதைச் சரி பண்ண ஒரு வருஷம் ஆச்சு. புதுசா வர்றவங்களுக்கு அது நடக்கக் கூடாதுன்னுதான் திரும்பத் திரும்ப எழுதுறேன்.

ஹெட்போன்வாசி:
அது ஹெட்போன் பண்ணின தப்பு இல்லண்ணா, கெயினும் ரிவெர்பும் பண்ணின தப்பு. டிஸ்டார்ஷன் ஏறினா மெதுவா அடிச்சதும் ஓங்கி அடிச்சதும் ஒரே உயரத்துக்கு நசுங்கிடும், டியூப் ஆம்ப்ல கெயினை ஏத்தி வச்சாலும் இதேதான். க்ளீன் டோன்ல, எஃபெக்ட் இல்லாம, ஹெட்போன்ல வாசிச்சுப் பாருங்க, ஒரு விரல் நழுவினாலும் காதுக்குள்ள குத்தும்.

இன்னொண்ணும் சொல்லணும். பாஸ்டன் பேண்டோட டாம் ஷோல்ஸ், எஞ்சினியரிங் படிச்ச மனுஷன், முதல்ல பவர் சோக்னு ஒரு அட்டெனுவேட்டர் பண்ணார். அதோட நிக்கல, 1982ல ராக்மேன்னு இடுப்புல மாட்டுற ஹெட்போன் ஆம்ப் பண்ணார். அட்டெனுவேட்டரைத் தானே செஞ்சு வித்தவருக்கே அது மட்டும் போதல.

வால்வுவிசுவாசி:
போதலன்னு நீங்களா சொல்லிக்கிறீங்க. ரெண்டும் ரெண்டு வேலைக்கு. சொந்த ஆம்போட சத்தம் வேணும்னா அது, ஆம்பே இல்லாத இடத்துல வாசிக்கணும்னா இது. இவர்கிட்ட ஆம்ப் இருக்கு.

ராத்திரிக்கம்பி:
ரெண்டு பேருக்கும் நன்றி. நடுவுல ஒரு சந்தேகம், ஆம்ப் பின்னாடி ஸ்பீக்கர் வயர் போற ஓட்டை இருக்கு, அதைக் கழட்டிட்டு அதுலயே ஹெட்போனை மாட்டினா ஆகாதா? ஹெட்போன் ஜாக் தனியா இல்ல.

சவுண்ட்செக்:
வேணாம். ஆம்ப் ஆன்ல இருக்கும்போது அந்த வயரைத் தொடாதீங்க.

வால்வுவிசுவாசி:
தயவுசெஞ்சு பண்ணிடாதீங்க. டியூப் ஆம்புக்கு எப்பவும் லோடு இருந்தே ஆகணும், ஸ்பீக்கரோ, இல்ல ஸ்பீக்கருக்குப் பதிலா பவரை வாங்கிக்கிற லோட் பாக்ஸோ, ஏதாவது ஒண்ணு சரியான ஓம்ஸ்ல. லோடு இல்லாம வாசிச்சா அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்ல வோல்டேஜ் எகிறி இன்சுலேஷன் போயிடும், டியூபும் போகலாம். எங்க பேண்ட்ல ஒருத்தர் கேபினட் வயர் கழண்டு கிடந்ததைக் கவனிக்காம நாலு நிமிஷம் வாசிச்சார், வாடை வந்த பிறகுதான் தெரிஞ்சுது, ட்ரான்ஸ்ஃபார்மரையே மாத்த வேண்டியதாச்சு. ஹெட்போனை அங்க மாட்டினா ஹெட்போனும் போகும், காதுக்கும் ஆபத்து.

ஹெட்போன்வாசி:
இதுல மட்டும் அண்ணன் சொல்றதுதான், அப்படியே கேட்டுக்கோங்க. சாலிட் ஸ்டேட் (டியூபுக்குப் பதிலா ட்ரான்சிஸ்டர் வச்சது), மாடலிங் ஆம்ப்ல ஹெட்போனுக்குன்னே ஒரு ஜாக் குடுத்திருப்பாங்க, அதுல மாட்டினா பெரும்பாலும் ஸ்பீக்கர் தானா அடங்கிடும்.

மெதுவிரல்:
தம்பி, நான் பசங்களுக்கு கிட்டார் சொல்லிக்குடுக்குறவ. இவங்க ரெண்டு பேரும் எதை வாங்கணும்னே பேசிக்கிட்டு இருக்காங்க, இப்ப இருக்கிற ஆம்ப் எங்க உக்காந்திருக்குன்னு யாருமே கேக்கல. தரையிலயா? சுவர் மூலையிலயா? தரையில வச்சா பேஸ் தரை வழியா கீழ் வீட்டுக்கு நேரா இறங்கும், மூலையில வச்சா பேஸ் இன்னும் வீங்கும். அடுத்த வீட்டுக்குப் போறது பெரும்பாலும் பேஸ்தான், ட்ரெபிளைச் சுவரே பாதி தடுத்துடும். உங்களுக்கோ ட்ரெபிள் நேரா முன்னாடிதான் வரும், ஆம்ப் தரையில இருந்தா உங்க கணுக்காலுக்குத்தான் அது கேக்கும், காதுக்கு மங்கலா வரும், அதனால நீங்க இன்னும் ஏத்துவீங்க. ஒரு ஸ்டூல் மேல தூக்கி வைங்க, அடியில கனமான ஃபோம், முகத்தைப் பாக்குற மாதிரி சாய்ச்சு, ஒரு கை தூரத்துல உக்காருங்க, பேஸ் நாப்பை மூணுக்கு இறக்குங்க. அப்புறம் சொல்லுங்க.

ஒண்ணரைல வீடு முழிக்குதுன்னீங்களே, அதுக்கும் வழி இருக்கு. ஓவர்டிரைவ் பெடல் ஏதாவது இருந்தா அதோட லெவலை நல்லா இறக்கி ஆம்புக்கு முன்னாடி போடுங்க. உள்ள போறதே கம்மியா போனா ஆம்ப் நாப்பை ரெண்டு, ரெண்டரை வரைக்கும் திருப்ப இடம் கிடைக்கும், க்ரஞ்சும் பெடல்லேர்ந்தே வந்துடும்.

ராத்திரிக்கம்பி:
மெதுவிரல் அக்கா, நேத்து ராத்திரி பண்ணிப் பாத்தேன். ஸ்டூல், ரெண்டு மடிப்பு ஃபோம், பழைய டிரைவ் பெடல் லெவல் ஒன்பது மணி நிலையில. நாப் ரெண்டுக்கு வந்துது, சத்தம் பேச்சு அளவுதான், இதுவரைக்கும் அந்த ஆம்ப்ல இப்படி ஒரு இடம் இருக்குன்னே தெரியாது. மனைவியை கதவைச் சாத்திட்டு அடுத்த ரூம்ல நிக்கச் சொன்னேன், கேக்குது ஆனா தூக்கத்தைக் கலைக்காதுன்னாங்க. பத்தரை வரைக்கும் இது ஓடும். பதினொண்ணு ஆயிட்டா பேச்சு சத்தமே அதிகம், அப்ப ஹெட்போன் தவிர வழி தெரியல. என்கிட்ட ப்ளூடூத் ஹெட்போன் ஒண்ணு இருக்கு, அது போதுமா?

சவுண்ட்செக்:
பாட்டு கேக்கப் போதும், வாசிக்கப் போதாது. சாதாரண ப்ளூடூத்ல 100, 200 மில்லிசெகண்ட் கூட தாமதமாகும், பிக் கம்பியை விட்டுப் போன பிறகு நோட்டு வரும், தாளமே பிடிக்க முடியாது. சத்தம் காத்துல 1 மீட்டர் போக 3 மில்லிசெகண்ட் ஆகுது, அதனால 10 மில்லிசெகண்ட் தாமதம்னா ஆம்புக்கு மூணரை மீட்டர் தள்ளி நிக்கிற மாதிரி, அது பழகிடும். 150னா 50 மீட்டர் தள்ளி நிக்கிற மாதிரி, யோசிச்சுப் பாருங்க. வயர் ஹெட்போன் வாங்குங்க, முடிஞ்சா ஓப்பன் பேக் (பின்பக்கம் திறந்தது), காதை அடைச்ச மாதிரி இருக்காது. கம்ப்யூட்டரும், கிட்டாரை அதுல மாட்டுற இன்டர்ஃபேஸ் பெட்டியும் இருந்தா நியூரல் ஆம்ப் மாடலர்ங்கிற சாஃப்ட்வேர் இலவசமாவே கிடைக்குது, பஃபரை (ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள் சேத்து எடுக்கணும்ங்கிற செட்டிங்) 128ல வச்சா 48,000 சாம்பிள் ரேட்ல ஒரு பஃபருக்கு 2.7 மில்லிசெகண்ட்தான், போக வர சேத்தாலும் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆனா பத்து மணிக்கு மேல கம்ப்யூட்டரைத் திறந்து, ட்ரைவர் பாத்து, அப்டேட் முடியிறதுக்குள்ள வாசிக்கிற நேரம் போயிடும். ஒரு சுவிட்ச்ல ஆன் ஆகுற பொருள்தான் தினமும் கைக்கு வரும்.

வால்வுவிசுவாசி:
ஹெட்போன்ல வால்யூம் ஜாக்கிரதை. 85 டெசிபல்னா 8 மணி நேரம் வரைக்கும் தாங்கலாம்னு வேலையிடத்துக்கு ஒரு கணக்கு வச்சிருக்காங்க, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும், 94க்குப் போனா 1 மணி நேரம்தான். ரூம்ல அதிகமா வச்சா பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவார், ஹெட்போன்ல யாரும் தட்ட மாட்டாங்க.

ஹெட்போன்வாசி:
நியாயமான எச்சரிக்கை. நான் முதல்ல பிளக் பண்ணாம கம்பியோட சொந்த சத்தத்தைக் கேட்டு, அதை விடக் கொஞ்சம் மேல வர்ற வரைக்கும்தான் வால்யூமை ஏத்துவேன்.

ராத்திரிக்கம்பி:
ஒரு வாரம் கழிச்சு எழுதுறேன். என் கிட்டாரையே கடைக்கு எடுத்துட்டுப் போய் 1 வாட் டியூப், சின்ன மாடலிங் ரெண்டையும் வாசிச்சுப் பாத்தேன், விக்கிறவர் ஏத்தி ஏத்திக் காட்டினார், நான் பேச்சு சத்தத்துக்கு இறக்கித்தான் கேட்டேன். அந்த அளவுல 1 வாட் டியூப்போட க்ரஞ்ச் ஒல்லியாத்தான் இருந்துது, ஹெட்போன்வாசி சொன்ன அதே மணல். சின்ன மாடலிங் ஆம்ப் ஒண்ணு முழுசா கேட்டுது, அதையே வாங்கிட்டேன். ஆனா வால்வுவிசுவாசி அண்ணா சொன்னதும் நிஜம், க்ரஞ்ச்ல கிட்டார் வால்யூமை ஏழுக்கு இறக்கினா என் பழைய ஆம்ப் தெளியுது, இது கொஞ்சம் மங்குது. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?

வால்வுவிசுவாசி:
ஆம்ப்ல கெயினை இப்ப இருக்கிறதுல மூணுல ஒரு பங்கு குறைச்சிட்டு கிட்டார் வால்யூமை பத்துல வைங்க, க்ரஞ்ச் பத்துலதான் வரணும், எட்டுலயே தெளிய ஆரம்பிக்கணும். மங்குறது பாதி கிட்டாரோட வேலை, வால்யூமை இறக்கினா ட்ரெபிள் கசியும், கிட்டார் வால்யூம் நாபுக்கு அடியில இருக்கிற பாட்ல (பொட்டென்ஷியோமீட்டர்) ட்ரெபிள் ப்ளீட்னு சின்ன கெபாசிட்டர் ஒண்ணு சால்டர் பண்ணினா நிக்கும். 15 வாட்டை மட்டும் வித்துடாதீங்க. பகல்ல எல்லாரும் வெளிய போன நேரமா பாத்து வால்யூம் நாப்பை நாலு வரைக்கும் ஏத்தி அரை மணி நேரம் வாசிங்க.

ஹெட்போன்வாசி:
கெயினைக் குறைக்கச் சொன்னது சரி. வித்துடாதீங்கன்னு சொல்றதுதான் எனக்கு ஒப்பல. மாசத்துல அரை மணி நேரம் ஆன் பண்ற ஆம்ப் அந்த ரூம்ல எதுக்கு?

மெதுவிரல்:
இருக்கட்டும் விடுங்க. தம்பி, புது ஆம்பையும் மேசை மேல வெறுமனே வைக்காதீங்க, மேசைப் பலகையே அதிரும், அந்த ஃபோமை அதுக்கு அடியிலயும் போடுங்க.